வாட்ஸ்அப் செய்தியின் ‘முதல் ஆள்’ யார்? விதி 4(2) சொல்வது என்ன?

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா உங்களுக்கு ஒரு வீடியோ அனுப்புகிறார். நீங்கள் அதைக் குடும்பக் குழுவில் தட்டிவிடுகிறீர்கள். அது ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் ஒரு கலவர வழக்கில் போய் நிற்கிறது. இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியது நீங்கள் என்றால், விதியின் கணக்கில் அந்த வீடியோவின் ‘முதல் ஆள்’ நீங்கள்தான், சித்தப்பா அல்ல.

2021 பிப்ரவரி 25 அன்று மத்திய அரசு அறிவித்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) என்ற பிரிவு இதைச் சொல்கிறது. இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்களைக் கொண்ட, முக்கியமாகச் செய்திப் பரிமாற்றத்துக்கென்றே நடக்கும் சேவைகளுக்கு இது பொருந்தும். எந்தச் செய்தியையும் முதலில் அனுப்பியவரைக் காட்டிக்கொடுக்க அவற்றால் முடிய வேண்டும். முடியாது என்றால், பயனர்கள் போடுவதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு தரும் பாதுகாப்பு போய்விடும்.

நினைத்தவரெல்லாம் கேட்டுவிட முடியாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும், அல்லது அதே சட்டத்தில், தகவலை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69-வது பிரிவின் கீழ் உள்துறைச் செயலாளர் மட்டத்து உத்தரவு வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பாலியல் வன்கொடுமை போன்ற கடும் குற்றங்களுக்கே கேட்கலாம். வேறு எளிய வழி இருந்தால் கேட்கக் கூடாது. செய்தியில் என்ன இருந்தது என்பதையும் இந்த விதியின்கீழ் நிறுவனம் காட்டத் தேவையில்லை. தாளில் படித்தால் பாதகமில்லை என்றுதான் தோன்றும்.

சிக்கல் வேறிடத்தில். எந்தச் செய்தி நாளைக்கு வழக்காகும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாச் செய்திக்கும், எல்லோருடைய செய்திக்கும் முன்கூட்டியே ஏதோ ஒரு தடயம் வைத்தாக வேண்டும். ஒரு திருடனைப் பிடிக்க ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைக்கிற கதை.

இந்த யோசனைக்குச் சென்னையிலும் ஒரு வேர் உண்டு. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு வந்தது. பேச்சு மெல்ல ஆதாரிலிருந்து ‘முதல் ஆள்’ பக்கம் திரும்பியது. முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு ஒட்டி அனுப்பலாம் என்றார் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி. செயலியைத் திருத்தி அடுத்தவர் எண்ணை அதில் ஒட்டிவிட முடியும், அப்பாவி மாட்டிக்கொள்வார் என்று மறுத்தார் ஐஐடி பாம்பே பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். தீர்வதற்குள் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

அந்தரங்க உரிமைக்காரர்களிடையே இதில் ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. வழக்கு, மனு என்று அலைவானேன், உடைக்க முடியாத மென்பொருளை எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் போதாதா என்கிறது ஒரு தரப்பு. இந்தப் பேச்சில் விஷயம் இருக்கிறது. 69-வது பிரிவின்படி அரசு கேட்டும் குறியாக்கப் பூட்டைத் திறந்துதர மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் அதற்கான 2009 விதிகள், நிறுவனம் தானே பூட்டியதை, அல்லது தன்னிடம் சாவி இருப்பதை மட்டும் திறந்துதரச் சொல்கின்றன. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முனைக்கு முனை குறியாக்கத்தில் சாவி இரண்டு போன்களிலும்தான் இருக்கிறது, நிறுவனத்திடம் இல்லை. இல்லாத சாவியை எங்கிருந்து தருவது?

கவனித்தீர்களா, மென்பொருளாளரைக் காப்பாற்றுவது அவர் எழுதிய நிரல் மட்டுமல்ல. விதிப்புத்தகத்தின் ஒரு வரியும்தான். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துக் கதவைத் திறக்கப் பார்க்கிறது 4(2). ‘சாவி வேண்டாம், பெயரை மட்டும் சொல்’ என்கிறது.

50 லட்சத்துக்குக் கீழே இருக்கும் சின்னச் செயலிக்கு மாறிவிட்டால் 4(2) தொடாதே என்று கேட்கலாம். தொடாதுதான். ஆனால் 2023-ல், இணையச் சேவைகளை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவின் கீழ் 14 செயலிகள் முடக்கப்பட்டன. ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். பிரையர், எலிமென்ட் இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. இரண்டுமே நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள்கள். பிரையர் இணையமே இல்லாமல் புளூடூத்தில் ஓடும். எலிமென்ட் நிற்கும் மேட்ரிக்ஸ் தொழில்நுட்பத்தில்தான் பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கே செயலி நடத்துகிறது! நிரலில் குறை இருந்து இவை முடங்கவில்லை. இந்த முடக்கத்தை எதிர்த்து நிரல் எழுதுகிறவர்களே கேரள உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2021 விதிகளை எதிர்த்தும் அங்கே மனு போட்டவர் ஒரு மென்பொருளாளர்தான், டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தில் பங்களிக்கும் பிரவீன்.

வாட்ஸ்அப் 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 புட்டசாமி தீர்ப்பு அதன் முக்கிய ஆயுதம். 2024 மார்ச்சில் இந்த விதிகளை எதிர்க்கும் வழக்குகளை உச்ச நீதிமன்றம் டெல்லிக்கே அனுப்பியது. அடுத்த மாதமே, குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று வாட்ஸ்அப் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொன்னார். நம் தரவை வைத்துக் கொழிக்கும் மெட்டாவின் பிள்ளை நம் அந்தரங்கத்துக்காக வாதாடுவதைப் பார்க்கச் சிரிப்பு வரத்தான் செய்கிறது. அரசின் பதிலும் அதையேதான் சுட்டியது: பயனர் தகவலைக் காசாக்கும் நிறுவனம் அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளலாமா?