வீட்டில் படித்த பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்: கவுன்சிலிங் விதிகளும் விருப்பப் பட்டியலும்

“ஏனுங்க, ஸ்கூலுக்கே போகாத பையனை இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சேர்த்துக்குவாங்களா?” கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். சேர்த்துக்கொள்வார்கள். பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் படிப்பவர்களில் பலர் அதற்குத் தேர்ந்தெடுக்கும் வழி என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மத்திய அரசின் கீழ் இயங்கும் இது ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் தேர்வு நடத்துகிறது.

பாடம் எடுக்கும்போதே கவனம் வேண்டும். கோடிங் பிடித்த பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸை எடுத்துக்கொண்டு வேதியியலை விட்டுவிட நினைக்கும். விடக்கூடாது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையின் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண் அதில் சேராது. ஆகவே கணிதம் (311), இயற்பியல் (312), வேதியியல் (313), ஒரு மொழிப்பாடம் நான்கும் கட்டாயம் என்று வைத்துக்கொண்டு, ஐந்தாவதாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் (330) எடுக்கலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கும் பிளஸ் டூ சான்றிதழுக்கும் இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்ற விதியையும் மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

மதிப்பெண் விஷயத்தில் பல பெற்றோருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. நுழைவுத் தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டமே வெவ்வேறு வாரிய மதிப்பெண்களைச் சமன்செய்யவும் வழி சொல்கிறது. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணும் உங்கள் வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணும் சமமாகக் கொள்ளப்படும். மாநில வாரியத்தில் இயற்பியல் உச்சம் 100, உங்கள் வாரியத்தில் 95 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளை 76 வாங்கியிருந்தால் அது 80 ஆகக் கணக்கில் வரும். அதனால் மார்க் ஷீட்டைப் பார்த்து வீட்டில் போட்ட கட்-ஆஃபை வைத்து மனம் தளர வேண்டாம். தரவரிசைப் பட்டியல் வரும்போதுதான் உண்மையான இடம் தெரியும்.

இனி விருப்பப் பட்டியல். கவுன்சிலிங் இணையதளத்தில் எத்தனை கல்லூரி, பிரிவு வேண்டுமானாலும் வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். உங்கள் முறை வரும்போது பட்டியலின் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை உங்களுக்கு ஒதுக்குவார்கள். கிடைக்காத கல்லூரியை மேலே போட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. எனவே “கிடைக்குமா” என்று பார்த்து வரிசை போடாதீர்கள். பிடித்த வரிசையில் போடுங்கள். கிடைக்குமா என்ற கவலைக்கு விடை பட்டியலின் நீளத்தில் இருக்கிறது.

கொங்குப் பகுதியில் மேலே வைக்கத் தக்கவை கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, பிஎஸ்ஜி டெக், சிஐடி எனப்படும் கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பொதுப்பிரிவில் 195-க்கு மேலேயே போட்டி இருக்கும். பிஎஸ்ஜி, சிஐடி இரண்டிலும் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் தனித்தனியாக இருப்பதால், கட்டணத்தைப் பார்த்து இரண்டையும் தனித்தனியே சேருங்கள். நடுவில் குமரகுரு, பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன், சேலம் சோனா போன்றவை வரும். கட்டணம் முக்கியம் என்றால் சேலம் அரசு பொறியியல் கல்லூரியையும், சித்தோட்டில் உள்ள ஈரோடு அரசு பொறியியல் கல்லூரியையும் இவற்றுக்கு மேலே வைப்பதே என் யோசனை. அடிப்பகுதியில் ஐடி, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் போன்ற பக்கத்துப் பிரிவுகளையும், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய கல்லூரிகளையும் தாராளமாகச் சேருங்கள். போக மனமில்லாத கல்லூரியை மட்டும் சேர்க்காதீர்கள். ஒதுக்கீடு அங்கே விழுந்தால் சங்கடம்.

கடந்த ஆண்டு எந்த ரேங்க், கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்ற விவரத்தோடு ஒப்பிடும்போது உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கான விவரத்தைப் பாருங்கள். கட்-ஆஃபை விட ரேங்க் நம்பகமானது. மதிப்பெண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும்.

ஒதுக்கீடு வந்ததும் வேலை முடிந்துவிடாது. ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்று குறித்த கெடுவுக்குள் இணையதளத்தில் உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்யாமல் விட்டால் இடம் போய்விடும்.

சான்றிதழ் விஷயம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிது. வீட்டில் படித்தவர்கள் முன்கூட்டியே ஓட வேண்டும். டிசிக்குப் பதில் என்ஐஓஎஸ் தரும் இடப்பெயர்வு மற்றும் மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது. தமிழ்நாட்டில் எட்டு முதல் பன்னிரண்டு வரை படித்ததைக் காட்டப் பள்ளி இல்லாததால், இருப்பிடச் சான்றிதழை (நேட்டிவிட்டி) இ-சேவை மையத்தில் முன்பே வாங்கி வையுங்கள். சாதிச் சான்றிதழும் அப்படியே. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழும் வாங்குங்கள், கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கானவை. இவற்றை நம்பிச் செலவுக் கணக்குப் போட வேண்டாம்.

கவுன்சிலிங்குக்கு வெளியிலும் ஓரிரு வழிகளைத் திறந்து வைப்பது நல்லது. தேசிய அளவிலான நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுத என்ஐஓஎஸ் சான்றிதழ் ஐந்து பாடங்களோடு செல்லும். திருச்சி என்ஐடி போன்றவற்றில் சேரப் பிளஸ் டூவில் 75 சதவீதம், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 65 சதவீதம், அல்லது அந்த வாரியத்தின் முதல் 20 பர்சென்டைலுக்குள் வருவது தேவை. எட்டிமடை அமிர்தாவுக்குத் தனி நுழைவுத் தேர்வு. அரசு கலைக் கல்லூரிகளின் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பம் வேறு இணையதளத்தில், கெடுவும் வேறு. கவுன்சிலிங் முடியட்டும் என்று இருந்துவிட்டால் அந்தக் கெடு தாண்டிப் போய்விடும். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.