பிரேக் பெடல் என்ன சொல்கிறது?

புதிதாகக் கார் வாங்குகிறவர் எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கேட்காமல் விடமாட்டார். பிரேக்குக்கு எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டில் பலசாலி பிரேக்தான்.

1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் சுமார் 4,60,000 ஜூல். நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்தை எட்ட ஒரு சாதாரண காருக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடியாவது வேண்டும். காய்ந்த சாலையில் முழுப் பலத்தோடு பிரேக் பிடித்தால் மூன்று வினாடி சொச்சத்தில் நின்றுவிடும். எஞ்சின் மெல்லச் சேர்த்ததை பிரேக் மளமளவென்று செலவழித்துவிடுகிறது. அந்த மூன்று வினாடியில் அது செய்யும் வேலை சராசரியாக 200 குதிரைத்திறனுக்குச் சமம்.

செலவான ஆற்றல் எங்கே போனது? கிட்டத்தட்ட எல்லாமே வெப்பமாகிவிட்டது. அதே வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தால் ஒன்றரை லிட்டர் கொதிக்கும். காரில் அதை வாங்கிக்கொள்வது சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ இரும்பு. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; முன் டிஸ்க் இரண்டும் தலா 6 கிலோ, வேலையில் பத்தில் ஏழு பங்கு அவற்றுடையது என்றால், ஒரே ஒரு முறை நிறுத்தியதற்கே அவை ஏறக்குறைய 60 டிகிரி சூடேறும். ஆறுவதற்குள் அடுத்த முறை, அதற்குள் இன்னொரு முறை என்று போனால் சூடு சில நூறு டிகிரிக்குப் போய்விடும். இன்னொன்று: இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 100-இல் போகிறவரோடு ஒப்பிட்டால் 140-இல் போகிறவர் தன் பிரேக்கிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை கேட்கிறார்.

ஆக, பிரேக்குக்கு இரண்டு பொறுப்பு. கால் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கே பிறக்கும் சூட்டைத் தாங்கிக் காற்றில் விட வேண்டும். பிரேக்கில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று தவறுவதால்தான் வருகின்றன. எது தவறியது என்பதை முதலில் சொல்வது பெரும்பாலும் பெடல்தான்.

அழுத்தம் போகும் வழியைப் பார்ப்போம். பெடல் ஒரு நெம்புகோல். அதில் நாம் 10 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் மறுமுனையில் அது 40, 50 கிலோ ஆகிறது. அடுத்தது பூஸ்டர். பானட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத்தில் பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய கறுப்பு வட்ட டப்பா தெரியும், அதுதான். அதற்குள் ஒரு ரப்பர் திரை. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிட இழுப்பு திரையின் ஒரு பக்கத்தில் எப்போதும் இருக்கும். பெடலை மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று புகுந்து திரையைத் தள்ளுகிறது. வளிமண்டலமே நம்மோடு சேர்ந்து மிதிக்கிறது என்று சொல்லலாம். டீசல் எஞ்சினில் இந்த இழுப்பு போதாது; அதற்காகத் தனியாக ஒரு வேக்கம் பம்ப் வைத்திருப்பார்கள்.

பூஸ்டர் தள்ளுவது, பிரேக் திரவம் நிரம்பிய மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனை. இங்கிருந்து வேலை திரவத்தின் கையில். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிதான் அடிப்படை. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டர், சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் விட்டம் 54 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 7 மடங்கு, விசையும் 7 மடங்கு. ஆனால் சும்மா கிடைப்பதில்லை. பிஸ்டன் நகரும் தூரம் ஏழில் ஒன்றாகிவிடும். பிஸ்டன் தள்ளும் உராய்வுக் கட்டையான பேட், மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு நகர்ந்தாலே டிஸ்க்கைத் தொட்டுவிடும் என்பதால் இந்தப் பேரம் கட்டுப்படியாகிறது.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள், இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் வழிகள். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பெரும்பாலும் ஒரு வழி இடது முன், வலது பின் சக்கரங்களுக்கும், மற்றது எதிர்மூலைக்கும் போகும். ஒரு வழி உடைந்து திரவம் கொட்டிவிட்டாலும் மற்றது காரை நிறுத்தும். பெடல் ஆழமாகப் போகும், நிற்கும் தூரம் கூடும், ஆனால் நிற்கும்.

காலிப்பருக்குள் எனக்கு மிகவும் பிடித்த சமாசாரம் ஒன்று இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி சதுர வெட்டுமுகம் கொண்ட ஒரு ரப்பர் வளையம் இருக்கும். திரவம் கசியாமல் தடுப்பது அதன் வேலை என்றுதான் தோன்றும். பிஸ்டன் முன்னே போகும்போது இந்த வளையம் அதைப் பிடித்துக்கொண்டே முறுக்கிக்கொள்கிறது. காலை எடுத்ததும் முறுக்கு அவிழ்ந்து, பிஸ்டனைத் துளியூண்டு பின்னுக்கு இழுத்துவிடுகிறது. பேட் டிஸ்க்கை விட்டு விலகுவதற்கு இவ்வளவுதான் ஏற்பாடு. தனி ஸ்பிரிங் வைத்துப் பிஸ்டனை இழுப்பதில்லை. பேட் தேயத் தேய பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கி முன்னேறிப் புது இடத்தில் நின்றுகொள்ளும். டிஸ்க் பிரேக்கை யாரும் டைட் வைக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தச் சின்ன வளையம்தான் காரணம்.

பிஸ்டன் முன்னேறினால் அதன் பின்னால் உண்டாகும் இடத்தைத் திரவம் நிரப்பியாக வேண்டும். அதனால் மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே இருக்கும் திரவ டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கும். மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவதற்கு முன் பேட்டைப் பாருங்கள். புதிய பேடில் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு உராயும் பொருள் இருக்கும். மூன்றுக்கு வந்தால் மாற்றும் நேரம். தேய்ந்த பேடோடு டப்பாவை நிரப்பி வைத்தால், புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது திரவம் வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். பேட் நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது.

டிரம் பிரேக்கின் கதை வேறு. சுழலும் டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உரசுகின்றன. சுழற்சியே முன் ஷூவை டிரம்மோடு இன்னும் இறுக்கி இழுத்துக்கொள்ளும். அதனால் குறைந்த அழுத்தத்திலேயே நன்றாகப் பிடிக்கும். பூஸ்டர் இல்லாத காலத்தில் இது பெரிய வரம். கெடுதல் என்னவென்றால் சூடு உள்ளேயே அடைபடுகிறது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கூடுதலாக இறங்கும். டிஸ்க்கோ திறந்த வெளியில் காற்றில் சுழல்கிறது. டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் ஃபிரடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கியும், அரை நூற்றாண்டு டிரம்தான் கோலோச்சியது. 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்ற பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குகளே பெரும்பங்கு வேலை செய்கின்றன. சிறிய கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் வைப்பதன் நியாயம் அதுதான். ஹேண்ட் பிரேக்கை இணைப்பதும் டிரம்மில் சுலபம்.

என்னதான் பிடித்தாலும் கடைசியில் காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானம். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கினால் அந்தப் பிடிமானம் குறையும். அதைவிட மோசம், சறுக்கும் முன்சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. இதைத் தடுக்கத்தான் ஏபிஎஸ். பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கார்களில் வந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும்; ஒன்று பூட்டப் போகிறது என்று தெரிந்ததும் அதற்குப் போகும் அழுத்தத்தை வால்வு வினாடிக்குப் பல முறை விட்டுவிட்டுக் கொடுக்கும். அப்போது பெடல் தடதடவென்று காலை உதைக்கும். பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எடுக்கக் கூடாது, அழுத்தியபடியே திருப்ப வேண்டிய பக்கம் திருப்புங்கள். ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும்: உதிரிச் சரளையில் ஏபிஎஸ் இருந்தால் நிற்கும் தூரம் கூடக்கூடும், ஏனெனில் பூட்டிய சக்கரம் தன் முன்னால் சரளையைக் குவித்து அணைபோட்டு நிற்கும்; ஏபிஎஸ் அதற்கு விடாது.

சரி, கோளாறுகளுக்கு வருவோம். பெடல் மெத்தென்று, பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கிறது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். பேட் நகர வேண்டிய தூரமே சொற்பம் என்று பார்த்தோம் அல்லவா. ஒரு சின்னக் குமிழி சுருங்குவதற்கே பெடலின் பாதிப் பயணம் போய்விடும். பிளீடிங் செய்து காற்றை வெளியேற்றினால் சரியாகும், ஆனால் காற்று எந்த வழியாக வந்தது என்றும் பார்க்க வேண்டும். காரை நிறுத்தி வைத்து ஒரே சீராக மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெதுவாகத் தரைக்கு இறங்குகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்துபோயிருக்கிறது.

பெடல் கல்லாக இறுகி, எவ்வளவு மிதித்தாலும் கார் மெல்லத்தான் வேகம் குறைகிறது என்றால் சந்தேகம் பூஸ்டர் மேல். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் ஒரு துளி இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவில்லையென்றால் வேக்கம் குழாயோ வால்வோ பூஸ்டரோ பழுது.

நீண்ட மலை இறக்கத்தில் வரும் ஆபத்து இரண்டு வகை. பேட் அளவுமீறிச் சூடாகி உராய்வை இழந்தால் பெடல் உறுதியாகவே இருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது. பிரேக் திரவமே கொதித்து ஆவியானால் பெடல் சொத்தென்று உள்ளே போய்விடும். இரண்டாவதுதான் அதிகப் பயங்கரம், அதற்கு வழிவிடுவது பெரும்பாலும் நம் அலட்சியம். பிரேக் ஆயில் என்று வழக்கமாகச் சொல்லும் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3, டாட் 4 என்பவை இந்தத் திரவத்தின் தர வகைகள். டாட் 4 தரத்தின்படி புதிய திரவம் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காமல் இருக்க வேண்டும்; 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 3-இல் இந்த இரண்டு எண்கள் 205, 140. அன்றாட ஓட்டத்தில் பழைய திரவம் ஒரு குறையும் காட்டாது, இறக்கத்தில்தான் காலை வாரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது சர்வீஸ்காரர்களின் பணம் பறிக்கும் வேலை இல்லை. இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினிடம் வேகத்தைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், பிரேக்குக்கு ஆற நேரம் கிடைக்கும். அப்புறம், பிரேக் திரவ டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர்கள் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும்.

பிரேக் பிடித்ததும் ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. தேய்மானமோ பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டுவதோ காரணமாக டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது. மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபாடே கைக்குத் தெரிந்துவிடும். கார் ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கத்து காலிப்பர் சிக்கியிருக்கலாம், அல்லது பேடில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது: காலிப்பர் நகரும் ஊசிகள் துருவேறியிருக்கும், இல்லையேல் ரப்பர் குழாய் உள்ளுக்குள் உப்பித் திரவத்தைத் திரும்ப விடாமல் தடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் குழாய் நன்றாகவே இருக்கும், மெக்கானிக்குகளையே ஏமாற்றும்.

சத்தங்களில் காலையில் முதல் சில மிதிக்கு வரும் கரகரப்பு இரவில் படிந்த துரு, விட்டுவிடலாம். கீச்சென்ற விடாத சத்தம், பேட் தேய்ந்ததை அறிவிக்க வைத்திருக்கும் தகடு டிஸ்க்கில் உரசுவதாக இருக்கலாம். இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் கேட்டால் அன்றே வண்டியை ஓரங்கட்டுங்கள், டிஸ்க்கும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஓடும்போதே பெடல் முழுக்க உள்ளே போய்விட்டால் வேகவேகமாகப் பல முறை மிதியுங்கள். மிச்சமிருக்கும் அழுத்தம் திரளக்கூடும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாக இழுங்கள், பின்சக்கரம் பூட்டினால் கார் சுற்றிவிடும். பதற்றத்தில் சாவியை மட்டும் அணைத்து எடுத்துவிடாதீர்கள்: ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.