ஹிப்போகாம்பஸ்: மூளைக்குள் ஒரு கடற்குதிரை

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழர்கள் வருகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்தும் வருகிறார்கள். எம்ஆர்ஐ உறையோடு வீடு திரும்புகிற குடும்பங்களுக்குப் புதிதாக அறிமுகமாகும் சொற்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். "அப்பாவுக்கு ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்குன்னு எழுதியிருக்காங்கண்ணா, இனிமே எங்களையெல்லாம் மறந்துடுவாரா?" என்று ஒருவர் கேட்டால் தமிழில் தெளிவாகப் பதில் சொல்ல முடிய வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன்.

இது கிரேக்கச் சொல். ஹிப்போஸ் என்றால் குதிரை, காம்போஸ் என்றால் கடல் பூதம். முன்பாதி குதிரை, பின்பாதி மீன் என்று கிரேக்கர்கள் கற்பனை செய்த விலங்கு இது; கடல் தெய்வம் பொசைடனின் தேரை இழுக்கும். கடற்குதிரை என்று நாம் சொல்லும் சின்ன மீனுக்கும் விலங்கியலில் இதே பெயர்தான். மூளைக்குள் இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் இத்தாலியின் பொலோன்யா நகரத்து உடற்கூற்றியலாளர் ஜூலியோ சேசரே அரான்ஸி. மூளையின் பக்க மடலுக்குள், காதுக்கு நேர் உள்பக்கமாக, வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றுமாக வளைந்து கிடக்கும் புடைப்பு கடற்குதிரையைப் போல இருப்பதாக 1587இல் வெளிவந்த நூலில் எழுதினார். வெள்ளைப் பட்டுப்புழு போலவும் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார். ராமநகரத்துப் பட்டுக்கூட்டுச் சந்தையைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்குப் பட்டுப்புழுதான் நெருக்கம், ஆனால் நிலைத்தது கடற்குதிரை. 18ஆம் நூற்றாண்டில் ஆட்டுக்கடாக் கொம்பு என்றும், எகிப்தியக் கடவுள் அம்மோனின் கொம்பு என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அதன் மிச்சமாக இந்தப் பகுதியின் உட்பிரிவுகளை இன்றும் சிஏ1, சிஏ3 என்று அம்மோன் கொம்பின் லத்தீன் முதலெழுத்துகளால் குறிக்கிறார்கள்.

இவர்கள் யாருக்கும் இது என்ன வேலை செய்கிறது என்று தெரியாது. அது தெளிவானது 20ஆம் நூற்றாண்டில், ஒரு மனிதரின் பெரிய இழப்பினால். அமெரிக்காவின் ஹென்றி மொலைசனுக்குக் கடுமையான வலிப்பு. 1953இல், அவருடைய 27 வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் சுற்றியுள்ள திசுக்களையும் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப் போனவரே திரும்பி வந்தாலும் புது ஆள்தான். அதே சமயம் சின்ன வயது நினைவுகள் இருந்தன, பேச்சு இருந்தது, அறிவுக்கூர்மை குறையவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேறியது. முந்தின நாள் வரைந்தது மட்டும் அவருக்கு நினைவில்லை. ஸ்கோவிலும் மில்னரும் 1957இல் வெளியிட்ட கட்டுரை நினைவாற்றல் ஆய்வையே திசைதிருப்பியது. 2008இல் அவர் இறக்கும்வரை உலகம் அவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளாகத்தான் அறிந்திருந்தது.

ஆக, புது அனுபவங்களை நினைவாகக் கோத்துக் கொடுப்பதுதான் இதன் முக்கிய வேலை. பழைய நினைவுகள் பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பில் பரவிக் கிடக்கின்றன. அப்புறம் இடமறிவும் இதனோடு சேர்ந்தது. குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் கிளர்ச்சியடையும் செல்களை ஜான் ஓகீஃப் 1971இல் எலிகளின் ஹிப்போகாம்பஸில் கண்டறிந்தார். 2014 நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.

மனநலத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை நம் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசோலை உணரும் ஏற்பிகள் ஹிப்போகாம்பஸில் மிக அதிகம். கார்டிசோல் போதும் என்று உடலுக்குச் சொல்லிச் சுரப்பைக் கட்டுப்படுத்துவதிலும் இதற்குப் பங்கு உண்டு. அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் இந்தப் பகுதியே பாதிக்கப்படலாம், கட்டுப்பாடும் தளரலாம். நீண்டகால மனச்சோர்வு உள்ளவர்களிடம் இது சராசரியாகச் சற்றுச் சிறிதாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது சோர்வின் காரணமா விளைவா என்ற விவாதம் முடியவில்லை. ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து மட்டும் அவருக்கு மனச்சோர்வு என்று யாரும் சொல்ல முடியாது. நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓராண்டு தொடர்ந்து வேகநடை பழகிய முதியவர்களுக்கு இதன் அளவு ஏறத்தாழ 2 சதவீதம் கூடியது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'நினைவகம்' என்று வைக்கத் தோன்றும், ஆனால் நான் அதை ஏற்கமாட்டேன். கணினியின் மெமரிக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் என்பது சின்னக் காரணம்தான். நினைவகம் சுருங்கிவிட்டது என்று கேட்கும் மகள், அப்பாவின் நினைவுகளெல்லாம் அதற்குள் இருந்து அழிந்துவிட்டதாக எண்ணுவாள். அது உண்மை இல்லை. வயதானால் இது ஓரளவு சுருங்கத்தான் செய்யும். அல்சைமர் என்ற மறதி நோயில் முதலில் பாதிக்கப்படும் பகுதிகளில் இதுவும் ஒன்று என்றாலும், சுருக்கம் என்ற ஒரு வரியை வைத்து அந்த நோய் என்று முடிவு கட்டக் கூடாது. வலிப்புக்குச் சிகிச்சை பெறுகிறவர்களின் அறிக்கையிலும் இந்தப் பெயர் அடிக்கடி வரும். அங்கே பேச்சு பெரும்பாலும் இதில் விழுந்த தழும்பைப் பற்றியது.

அதனால் உருவத்தைச் சொல்லும் பெயரே நல்லது. வெறும் 'கடற்குதிரை' என்றால் மீனோடு குழம்பும். மூளையின் மேற்பரப்பே உள்பக்கமாகச் சுருண்டு மடிந்ததுதான் இது என்பதால் 'கடற்குதிரை மடிப்பு' என்பது என் தேர்வு. எழுதும்போது முதல் இடத்தில் ஹிப்போகாம்பஸ் என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும், ஏனென்றால் மருத்துவர் வாயிலும் அறிக்கையிலும் அதுதான் இருக்கும். அறிக்கையில் 'அட்ரோஃபி' என்று இருந்தால் மடிப்புச் சுருக்கம், 'ஸ்கிளிரோசிஸ்' என்று இருந்தால் மடிப்புத் தழும்பு. இதை ஒட்டியே இருக்கும் அமிக்டலாவும் கிரேக்கம்தான், பொருள் வாதுமை. பயத்தோடும் பதற்றத்தோடும் நெருங்கிய தொடர்புள்ள அதை 'வாதுமை முடிச்சு' எனலாம்.

அறிக்கையைப் பற்றிய சந்தேகத்தை அதை எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள், தமிழில் சொல்லுங்கள் என்று கேட்கவும் தயங்க வேண்டாம். மனம் கனத்துப்போய் யாரிடமாவது பேச வேண்டும் என்றிருந்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம்.