டைல்ஸை உடைக்கும் முன் ஏசி குழாயைப் பாருங்கள்

ஒரே மாதத்தில் ஐந்தாவது வீடு. அங்கேதான் என் பொறுமை போனது.

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகும் தூரத்தில் ஓர் அடுக்ககம். கூடத்தின் ஃபால்ஸ் சீலிங்கில் தாம்பாளம் அளவுக்குப் பழுப்புக் கறை. வீட்டுக்காரர் பிளம்பரை அழைத்தார். பிளம்பர் மாடியை நோக்கிக் கையைக் காட்டினார். மாடி வீட்டு அம்மா சண்டைக்கு அஞ்சித் தன் குளியலறை டைல்ஸைப் பெயர்த்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, புது டைல்ஸ் ஒட்டினார். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் சொட்டு.

சீலிங் பலகையைக் கழற்றினேன். கறுப்பு ரப்பர் உறை போட்ட ஏசியின் செப்புக் குழாய் அந்தக் கறைக்கு நேர் மேலே தொய்ந்து கிடந்தது. தொய்வின் அடியில் பிளேடால் ஒரு கீறல் போட்டேன். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் என் முழங்கை வரை வழிந்தது.

"இன்சுலேஷன்தான் போட்டிருக்கிறார்களே சார், பிறகு எப்படி வியர்க்கும்?"

வீட்டுக்காரர்கள் கேட்கும் இந்தக் கேள்வி இந்த மாதம் ஐந்து முறை என் காதில் விழுந்துவிட்டது. குளிர்ந்த மோர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் நனைவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதை நான் விளக்கப் போவதில்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்பது சென்னைக்குச் சாதாரண நாள். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீர் விடும். ஏசி ஓடும்போது குழாயோ 5 முதல் 10 டிகிரியில் இருக்கிறது. குளிரூட்டிய அறைக்குள் காற்று உலர்ந்திருப்பதால் தொல்லை குறைவு. சீலிங்குக்கு மேலேயும், குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட்டுக்குள்ளேயும் இருப்பது வெளிக்காற்று. வினை அங்கேதான்.

இன்சுலேஷன் என்றால் குழாய்க்குப் போட்ட கம்பளி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கம்பளியில் ஒரு கிழிசல் இருந்தால் என்ன ஆகும்? அந்த இடத்தில் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். இங்கே கதை வேறு. இந்த உறையின் பாதி வேலை குளிரைக் காப்பது, மறுபாதி காற்றைக் குழாயிடம் அண்டவிடாமல் தடுப்பது. ஒரு மூட்டில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். ஈரக்காற்று அந்த வழியாகப் புகுந்து, ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவே ஊர்ந்து, தண்ணீராக மாறுகிறது. போன ஈரம் திரும்பி வருவதில்லை. குழாய் குளிர்ந்திருக்கும்வரை நீராவி அதை நோக்கியே போய்க்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் சரிவில் ஓடி, தொய்வு இருக்கும் இடத்தில் சேர்ந்து, அங்கே சொட்டுகிறது. ஓட்டை ஓரிடம், கறை வேறிடம். நம்மவர்கள் கறையைப் பார்த்து வைத்தியம் செய்கிறார்கள்.

அந்த வைத்தியம்தான் எனக்கு எரிச்சல். ஈரமான உறையின் மேலேயே இன்னொரு சுற்று ரப்பர், அதன்மேல் இறுக்கமாக டேப். ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்துவிட்டுப் போகிறார்கள்! இந்தக் கறுப்பு உறையான நைட்ரைல் ரப்பர் நுரையைவிடத் தண்ணீர் 15 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். தண்ணீர் தேங்கிய இடத்தில் உறை இருந்தும் இல்லாததுபோலத்தான். கண்ணாடிக் கம்பளி சுற்றியிருந்தால் இன்னும் மோசம், அது பஞ்சைப் போல் குடித்துக்கொள்ளும்.

வெளி யூனிட்டுக்கும் உள் யூனிட்டுக்கும் நடுவே ஓடுவது இரண்டு செப்புக் குழாய்கள், ஒன்று தடித்தது, மற்றது மெல்லியது. ஐந்து வீடுகளில் மூன்றில் மெல்லிய குழாய்க்கு உறையே இல்லை. "அது சூடான லைன் சார்" என்றார் ஒரு மெக்கானிக். அவர் தொழில் பழகியது குளிர்பதனக் கிடங்கில். அங்கே அது உண்மை. நம் வீட்டு ஸ்ப்ளிட் ஏசிகளில் பெரும்பாலும் வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் கேபிலரியோ வால்வோ வெளி யூனிட்டிலேயே இருக்கிறது. ஆகவே உள்ளே வரும் மெல்லிய குழாயும் சில்லென்றுதான் வரும். இரண்டுக்கும் தனித்தனி உறை வேண்டும். இரண்டையும் ஒரே உறைக்குள் திணிப்பது அடுத்த தவறு. நடுவில் விழும் இடைவெளி ஈரக்காற்றுக்கு ராஜபாட்டை.

ஒழுங்கான வழி இதுதான். ஏசியை நிறுத்துங்கள். நனைந்த உறையை, உலர்ந்த பகுதி வரும்வரை வெட்டி எறியுங்கள். குழாயைத் துடைத்து, அது அறை வெப்பத்துக்கு வந்து முழுக்க உலரும்வரை காத்திருங்கள். புது உறையைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, முனைகள் ஒன்றையொன்று நெருக்கும்படி வையுங்கள். பசையை இரு முகங்களிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே அழுத்துங்கள். அவசரப்பட்டால் ஆறு மாதத்தில் வாய் பிளக்கும். கடலோரத்தில் சீலிங்குக்கு மேல் ஓடும் குழாய்க்கு 9 மில்லிமீட்டர் உறை போதவே போதாது. நான் 19 மில்லிமீட்டருக்குக் குறைந்து போடுவதில்லை. கேபிள் டையை இறுக்கி உறையின் இடுப்பை ஒடிக்காதீர்கள், நசுங்கிய இடம் முதலில் வியர்க்கும். சுவரில் போட்ட துளை சிறிது என்பதற்காக அந்த அரை அடிக்கு உறையை உரிக்கும் மகானுபாவர்களே, துளையைப் பெரிதாக்குங்கள். கசிவுச் சோதனைக்காகத் திறந்து வைத்த குழாய் இணைப்பை உறையால் மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள். தண்ணீர் வடியும் குழாயும் குளிரும், சீலிங்குக்குள் ஓடினால் அதற்கும் உறை உண்டு. மொட்டை மாடியில் வெயில் ரப்பரைப் பொடியாக்கும். மிச்சத்தை அணிலும் காக்கையும் பிய்க்கும். அங்கே மேலே ஒரு கவசம் அவசியம்.

அலுவலகக் கட்டடங்களைப் பராமரிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மைய ஏசிக்காக 7 டிகிரி தண்ணீர் ஓடும் இரும்புக் குழாயை வெறும் கிளாம்ப்பில் தொங்கவிட்டுச் சுற்றிலும் உறை போட்டால், கிளாம்ப் வழியாகக் குளிர் வெளியே வந்து அங்கே வியர்க்கும். கெட்டி நுரைக் கட்டை வைத்துத் தாங்குங்கள். உறைக்குள் இரும்பு துருப்பிடிப்பது ஓட்டை விழும்வரை கண்ணுக்குத் தெரியாது.

குழாயில் பனி கட்டியிருந்தால் இன்சுலேஷன்மேல் பழி போடாதீர்கள். பில்டரைக் கழுவுங்கள், பிறகு வாயு அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. சொட்டு விழுந்தால் இரண்டு நாள் ஏசியை நிறுத்திப் பாருங்கள். மாடியில் வழக்கம்போலக் குளிக்கட்டும். கறை உலரத் தொடங்கினால் என்னைப் போன்றவரை அழையுங்கள், ஈரம் தொடர்ந்தால் பிளம்பரை.

மாடி வீட்டு அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். குளியலறைக் கதவைத் திறந்து காட்டினார். பெயர்த்த பாதிக்குப் பழைய நிறம் கடையில் கிடைக்கவில்லையாம். ஒரு சுவர் இளநீலம், இன்னொரு சுவர் பச்சை.