சொல் விளக்கம்: ஹாக்கி என்னும் வளைகோல் பந்தாட்டம்

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்குக்குப் போகிறவர்கள் ‘ஹாக்கி மேட்ச்’ என்றுதான் சொல்வார்கள். பேச்சில் அது இருக்கட்டும். எழுத்தில் ஆக்கி, வளைதடி, வளைகோல், மட்டைப் பந்து என்று ஆளுக்கு ஒன்றாக எழுதுவதுதான் சிக்கல்.

ஆங்கிலத்திலும் இந்தப் பெயர் கோலோடு ஒட்டி வந்ததே. அயர்லாந்தின் கால்வே நகரம் 1527-ல் இயற்றிய சட்டத்தில், சிறு பந்தை ‘ஹாக்கி’க் கோல்களால் அடித்து ஆடக் கூடாது என்று இருக்கிறது. அங்கே ஹாக்கி என்பது கோலுக்கு அடைமொழி. இடையர் கையிலிருக்கும் வளைந்த கோலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லே இதன் வேர் என்பது ஒரு கருத்து. நம் ஊரில் ஆட்டுக்குக் குழை இழுத்துப் போடும் துறட்டியை நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே தமிழ்ப் பெயரிலும் வளைவு இருக்க வேண்டும். இந்தக் கோலில் வளைவு இரண்டு. ஒன்று, பந்தைத் தடுத்து ஏந்தும் தலையின் கொக்கி. மற்றொன்று, தண்டு நெடுகிலும் வில்போல ஓடும் மெல்லிய வளைவு. விதிப்படி 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எதிரணியின் தவறுக்குத் தண்டனையாகக் கிடைக்கும் பெனால்ட்டி கார்னரில் பந்தை இழுத்துச் சுண்டும் டிராக் ஃபிளிக்குக்கு இந்த வில்வளைவு பெரிய துணை. அளவு மிஞ்சினால் அந்தக் கோலோடு ஆட முடியாது. எடை 737 கிராமுக்குள், முழுக் கோலும் 51 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைய வேண்டும். இடப்பக்கம் தட்டை, வலப்பக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தால் பந்தை ஆடினால் தவறு. இடக்கைக்காரருக்கென்று தனிக் கோலும் கிடையாது.

‘மட்டை’ தட்டைப் பக்கத்தை மட்டும் சொல்கிறது, வளைவை விட்டுவிடுகிறது. கிரிக்கெட்டுக்கே அது பொருத்தம். ‘வளைதடி’யில் வளைவு உண்டு, ஆனால் எறிந்து தாக்கும் வளரிக்கும் அதே பெயர். ‘ஆக்கி’ என்று எழுதினால் சோறு ஆக்கி, கறி ஆக்கி என்னும் வினையெச்சமாகிவிடும். ஒலிபெயர்த்தால் ஹகரத்தோடு ‘ஹாக்கி’ என்றே எழுதுங்கள்.

மிஞ்சுவது வளைகோல். ஊன்றுகோல், எழுதுகோல், செங்கோல் வரிசையில் இயல்பாக உட்கார்கிறது. ஒரே இடைஞ்சல், பந்து வலைக்குள் போவதும் நமக்கு ‘கோல்’தான். ‘கோலைத் தவறவிட்டார்’ என்றால் கைநழுவியது எது? கருவியை எப்போதும் வளைகோல் என்று முழுதாக எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

‘ஃபீல்டு ஹாக்கி’யைப் புல்வெளி வளைகோல் என்று பெயர்ப்பதும் சரியில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் முதல் அங்கே செயற்கைத் தளம்தான். கோடைக்கால ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் ஹாக்கி என்றாலே இந்த ஆட்டம். குளிர்காலப் போட்டிகளில் ஆடுவதற்கு மட்டும் ‘ஐஸ்’ என்ற அடைமொழி சேரும். தமிழிலும் அப்படியே: இது வளைகோல் பந்தாட்டம், அது பனி வளைகோல். அதில் உருளுவது பந்தல்ல, சறுக்கும் வட்டு. அதனால் அங்கே ‘பந்தாட்டம்’ சேர்க்கக் கூடாது.