ஒரு மாசமா ஆறாத வாய்ப்புண், அதை அப்படியே விட்டுடாதீங்க

"மோர்சாதம் கூட முழுங்க முடியல மேடம், உப்பு பட்டாலே உயிர் போகுது"ன்னாங்க அந்த அம்மா. வயசு 45 இருக்கும். நாலு மாசமா வாய்ப்புண்ணாம். மணத்தக்காளிக்கீரை சாப்பிட்டாச்சு, பி காம்ப்ளக்ஸ் அட்டை அட்டையா முடிச்சாச்சு, வாய் கொப்பளிக்க ஒரு மருந்து, வயித்துல புண்ணு இருக்கும்னு கேஸ் மாத்திரை வேற. அப்புறம் முதுகுல கொப்புளம் வந்ததும் அக்கம்பக்கத்துல அக்கின்னு சொல்லிட்டாங்க, குயவர் வீட்டுக்குப் போயி காவி வச்சு அக்கி எழுதிட்டு வந்துருக்காங்க. கொப்புளம் உடைஞ்சு சேலை முதுகோட ஒட்டிக்கிட்டப்பதான் என்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க.

கொப்புளத்துக்குப் பக்கத்துல நல்லா இருந்த தோலை விரலால லேசா அழுத்தித் தேச்சுப் பாத்தேன், மேல்தோல் வழண்டு வந்துருச்சு. இது பெம்பிகஸ் வல்காரிஸ், உடம்போட எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்குறதால கொப்புளம் வர்ற நோய். பயாப்சி எடுத்து, ஆன்டிபாடி ஒட்டின இடத்தை ஒளிர வச்சுக் காட்டுற இம்யூனோஃப்ளோரசன்ஸ் டெஸ்ட் பாத்ததுல செல்லுக்கு செல் நடுவுல மீன்வலை மாதிரி பச்சையா ஒளிர்ந்துச்சு, சந்தேகமே இல்ல.

வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி கேட்டாரு, "பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குமா மேடம்? தட்டு டம்ளர் எல்லாம் தனியா வச்சிட்டோம்." அந்த அம்மா தலைய குனிஞ்சிக்கிட்டாங்க. ஒட்டவே ஒட்டாதுங்க, இது கிருமியால வர்றதில்ல, இன்னைக்கே எல்லாரும் சேந்து உக்காந்து சாப்பிடுங்கன்னு சொன்னேன். நோய் குடுக்கிற வலி போதும், நாம வேற ஒதுக்கி வைக்கக்கூடாது.

இதுல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். நம்ம தோல் செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பிரஸ் பட்டன் போட்ட மாதிரி பிடிச்சிட்டு இருக்கும், அந்த பட்டனுக்குப் பேரு டெஸ்மோசோம். அதுல ரெண்டு பக்கமும் கைகோர்க்கிற புரோட்டீன்தான் டெஸ்மோக்ளீன், அதுல சில வகை இருக்கு, நமக்கு இங்க முக்கியம் 1ம் 3ம். பெம்பிகஸ்ல நம்ம உடம்பே இந்த டெஸ்மோக்ளீனை எதிரின்னு நினைச்சு ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க வேண்டிய புரோட்டீனை, அதுக்கு எதிரா செய்யுது. குறி வைக்கிறது இந்த ஒட்டுற புரோட்டீனைத்தான்னு 1991ல மசாயுகி அமகாயும் ஜான் ஸ்டான்லியும் இருந்த குழு கண்டுபிடிச்சாங்க.

ஏன் முதல்ல வாய்ல வருது? வாய்க்குள்ள பெரும்பாலும் டெஸ்மோக்ளீன் 3தான் பிடிச்சு வச்சிருக்கு, 1 கம்மி. தோல்ல ரெண்டும் இருக்கு, 3 போனாலும் 1 தாங்கிக்கும். அதனால 3க்கு எதிரா மட்டும் ஆன்டிபாடி இருக்கிற வரைக்கும் வாய்ல மட்டும் புண்ணு, பின்னாடி 1க்கு எதிராவும் வந்துட்டா தோலும் பிரிய ஆரம்பிக்குது. நாலு மாசம் வாய்ப்புண், அப்புறம் முதுகுல கொப்புளம்னு அந்த அம்மா சொன்ன வரிசை இதேதான். வாய்ல இருக்கிறப்பவே பிடிச்சிருந்தா முதுகு அப்படி ஆகிருக்காதுன்னு இப்பவும் மனசு அடிச்சிக்குது.

ஆன்டிபாடி நடுவுல போயி குறுக்க நிக்கிறதாலதான் செல் பிரியுதுன்னு முதல்ல நினைச்சாங்க. அதுவும் இருக்கு, ஆனா கதை அதோட முடியல. ஆன்டிபாடி வெளிய ஒட்டினதும் செல்லுக்குள்ள சிக்னல் போகுது, பி38ன்னு ஒரு என்சைம் முழிச்சிக்குது, செல்லுக்கு உள்ள எலும்புக்கூடு மாதிரி இருக்கிற கெரட்டின் இழை சுருங்குது, செல் தன்னோட டெஸ்மோக்ளீனை தானே உள்ள இழுத்து அழிச்சிடுது. சாதாரணமாவே செல் பழைய பட்டனை உள்ள எடுத்துட்டு புதுசு வச்சிட்டேதான் இருக்கும், இந்த நோய்ல உள்ள போறது கூடிப்போயி வெளிய வர்றது ஈடுகட்ட மாட்டேங்குது. எலிகள்ல இந்த பி38ஐ தடுத்தா கொப்புளம் வராம தடுக்க முடியுதுன்னு 2006ல காட்டினாங்க.

சிகிச்சைக்கு வருவோம். ஸ்டீராய்டு வர்றதுக்கு முன்னாடி இந்த நோய் வந்தவங்க பெரும்பாலும் பிழைக்கல, தோல் இல்லாத இடத்துல கிருமி ஏறியே போயிடுவாங்க. நம்ம நாட்டுல 1980கள்ல டெல்லி எய்ம்ஸ்ல டாக்டர் பஸ்ரிச்சா மாசத்துல 3 நாள் டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டை டிரிப்ல போட்டு, கூட எதிர்ப்பு சக்தியை அடக்குற சைக்ளோபாஸ்ஃபமைடும் குடுக்கிற பல்ஸ் முறைய கொண்டு வந்தாரு, எத்தனையோ பேர் அதுல பிழைச்சிருக்காங்க. உடம்பு முழுக்க புண்ணானவங்கள வாழையிலை விரிச்சு படுக்க வைக்கிறதும் நம்ம வார்டுகள்ல பாக்கலாம், துணி மாதிரி புண்ணுல ஒட்டாது, குளுமையாவும் இருக்கும்.

இப்போ ரிட்டுக்சிமாப். ஆன்டிபாடி செய்ற பி செல்களோட வம்சத்தையே குறைக்கிற ஊசி, 15 நாள் இடைவெளில ரெண்டு தடவை. பிரான்ஸ்ல 90 பேர வச்சு செஞ்சு 2017ல வந்த ஆய்வுல, ரெண்டு வருஷ முடிவுல எந்த மருந்தும் இல்லாம புண்ணு இல்லாம இருந்தவங்க, ரிட்டுக்சிமாப்போட கொஞ்ச நாள் ஸ்டீராய்டு எடுத்தவங்கள்ல 89 சதவீதம், ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவங்கள்ல 34 சதவீதம். 2018ல அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சுது. ஆனா போடுறதுக்கு முன்னாடி மஞ்சகாமாலை பி டெஸ்ட் கண்டிப்பா பாக்கணும், உள்ள தூங்கிட்டிருக்கிற வைரஸ் முழிச்சிட்டா கல்லீரலுக்கே ஆபத்து, டிபி இருக்கான்னும் பாத்துக்கணும்.

வாட்ஸ்அப்ல புது மருந்துன்னு பார்வர்டு பண்ணி கேக்கிறாங்க, அதையும் சொல்லிடறேன். ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடிய செல் உள்ள எடுத்து அழிக்கப் போறப்ப ஒரு ரிசப்டர் அதைக் காப்பாத்தி திரும்ப வெளிய அனுப்பும், அந்த ரிசப்டரைத் தடுக்கிற எஃப்கார்டிஜிமோட் தசைநோயான மயஸ்தீனியாவுக்கு நல்லா வேலை செய்யுது, பெம்பிகஸ்ல 2023ல பெரிய சோதனைல தேறல. டெஸ்மோக்ளீன் 3ஐ தூண்டில் மாதிரி மேல வச்ச டி செல்ல (இதுவும் ஒரு எதிர்ப்பு சக்தி செல்) அனுப்பி தப்பான பி செல்ல மட்டும் கொல்ற முறை 2016ல எலில ஜெயிச்சுது, அப்புறம் மனுஷங்ககிட்டயும் சோதனைக்குப் போச்சு. எனக்கு ரொம்ப நம்பிக்கை உள்ள வழி அது, ஆனா அதுக்காகக் காத்திருந்து இப்போ இருக்கிற மருந்தை விட்டுடாதீங்க.

ரொம்ப பேர் செய்ற தப்பு, புண்ணு ஆறினதும் ஸ்டீராய்டு கெடுதல்னு யாரோ சொல்லி டக்குன்னு நிறுத்துறது. நோய் திரும்புறது ஒருபக்கம், உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டு தூங்கிட்டிருக்கும், திடீர்னு நிறுத்தினா பிரஷர் விழுந்து மயக்கமாகி உயிருக்கே ஆபத்தாகும். படிப்படியாதான் குறைக்கணும்.

அக்கி உடம்புல ஒரு பக்கமா பட்டை மாதிரி வரும், இது அப்படி ஒரு பக்கம்னு நிக்காது. வாய்ப்புண் மூணு நாலு வாரத்துல ஆறலைன்னா தோல் டாக்டரைப் பாருங்க, புகையிலை, பாக்கு பழக்கம் இருந்தா புற்றுநோய் சந்தேகத்துக்காகவும் சீக்கிரமா பாருங்க. வரும்போது பழைய சீட்டு, மாத்திரை அட்டை, யாரோ குடுத்த பொடி பொட்டலம் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க, சில மாத்திரையாலயே இந்த நோய் கிளம்புறது உண்டு, பொடில ஸ்டீராய்டு கலந்திருந்தா அதுவும் எங்களுக்குத் தெரியணும்.