இரும்பு நிறைய இருந்தும் ரத்தசோகை ஏன்?

எலும்பு மஜ்ஜை ஸ்லைடில் பிரஷ்யன் புளூ சாயம் ஏற்றினால் இரும்பு நீலமாகத் தெரியும். சில ஸ்லைடுகளில், சிவப்பணுவாக வளரவேண்டிய இளம் செல்லின் உட்கருவைச் சுற்றி நீலப் புள்ளிகள் பாசிமணி கோத்தாற்போல நிற்கும். குறைந்தது 5 புள்ளிகள், உட்கருவை மூன்றில் ஒரு பங்காவது வளைத்து நின்றால் அதை ரிங் சைடரோபிளாஸ்ட் என்போம். அந்தப் புள்ளிகள் இரும்பு அடைத்துப்போன மைட்டோகாண்ட்ரியாக்கள், அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் சின்ன உறுப்புகள். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும். காரணம், ஸ்லைடோடு வரும் சீட்டில் பல நேரம் இப்படி இருக்கும்: ‘நீண்ட நாளாக இரும்பு மாத்திரை, ஹீமோகுளோபின் ஏறவில்லை.’

இரும்பு இருக்கிறது. ஆனால் அதை வேலைக்கு ஆகும்படி செய்ய முடியவில்லை. இப்படி ஆவதற்குக் காரணங்கள் பல. அவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து சின்னச் சின்னக் கொத்துகளாகின்றன. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் பாதையில், முதல் புரதக் கூட்டமைப்பில் மட்டும் இப்படி 8 கொத்துகள் உண்டு. ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீமில் இரும்பைப் பொருத்தும் கடைசி நொதிக்கும் ஒரு கொத்து வேண்டும். ஆனால் தனி இரும்பும் தனி கந்தகமும் செல்லுக்கு ஆபத்தானவை. அதனால் எதையும் சும்மா மிதக்க விடாமல், ஒரு புரதத்தின் கையிலிருந்து இன்னொன்றின் கைக்கே கொடுத்தாக வேண்டும்.

கொத்து உருவாகும் மேடை ஐஎஸ்சியு என்ற புரதம். கந்தகம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. அந்த வேலையை ஃபிரடாக்சின் என்ற புரதம் வேகப்படுத்துகிறது. சரி, கொத்து தயார். ஆனால் ஐஎஸ்சியு அதை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கேதான் சாப்பரோன்கள் வருகின்றன. சாப்பரோன் என்றாலே புரதத்தை மடிக்க உதவுவது என்று படித்திருப்போம். இங்கே அதன் வேலை வேறு. எச்எஸ்சிபி என்ற துணைச் சாப்பரோன், கொத்தோடு இருக்கும் ஐஎஸ்சியுவை அழைத்துவந்து எச்எஸ்பிஏ9 என்ற பெரிய சாப்பரோனிடம் சேர்க்கிறது. சேர்த்த கையோடு, அதிலுள்ள ஏடிபியை (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) உடைக்கவும் தூண்டுகிறது. ஏடிபி உடைந்ததும் எச்எஸ்பிஏ9 உருவம் மாறி, ஐஎஸ்சியுவின் ஒரு சின்னத் துண்டைக் கவ்விப் பிடிக்கிறது. பிடி தளர்ந்த கொத்தை குளூட்டாரெடாக்சின் 5 என்ற புரதம் வாங்கிக்கொள்கிறது. அப்புறம் புது ஏடிபி வந்து அமர, ஐஎஸ்சியு விடுபட்டு அடுத்த கொத்துக்குத் தயாராகிறது.

இந்தக் கைமாற்றம் தடைபட்டால் கொத்துகள் குறையும். கொத்து இல்லாததை செல் ‘இரும்பு போதவில்லை’ என்றே புரிந்துகொண்டு இன்னும் இரும்பை உள்ளே இழுக்கும். ஹீம் உருவாகாது, இரும்பு மட்டும் குவியும். ஸ்லைடில் தெரியும் நீல வளையம் இப்படித்தான் வருகிறது. எச்எஸ்பிஏ9, எச்எஸ்சிபி, குளூட்டாரெடாக்சின் 5 ஆகிய மூன்றின் மரபணுக் கோளாறுகளும் இந்த நீல வளையங்களோடு வரும் பிறவி சைடரோபிளாஸ்டிக் ரத்தசோகையில் கண்டறியப்பட்டுள்ளன. (ஃபிரடாக்சின் குறைந்தால் வருவது வேறு நோய், ஃபிரீட்ரைக் அட்டாக்சியா. அது நரம்பையும் இதயத்தையும் தாக்கும். அதன் மரபணு 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது.)

இவையெல்லாம் அரிய நோய்கள்தான். ரத்தசோகை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இரும்புக் குறைவே காரணம், மாத்திரை நன்றாகவே கேட்கும். நான் கவலைப்படுவது கேட்காதவர்களைப் பற்றி. ஒழுங்காகச் சாப்பிட்டும் சில வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால், மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் ஃபெரிட்டினும் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது) டிரான்ஸ்ஃபெரின் செறிவும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் உயர்ந்திருந்தால் மேற்கொண்டு இரும்பு வேண்டாம். அது கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். காசநோய்க்கு ஐசோநயசிட் எடுப்பது, மதுப் பழக்கம், ஈயத்தோடு புழங்கும் வேலை, குடும்பத்தில் யாருக்காவது தீராத ரத்தசோகை என எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஐசோநயசிட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சைடரோபிளாஸ்டிக் ரத்தசோகை உள்ளவர்களில் சிலருக்கு வைட்டமின் பி6 நல்ல பலன் தருகிறது. அவர்கள் யார் என்பது சோதித்தால்தான் தெரியும்.